சாந்தா ரங்கசாமியின் 16 டெஸ்ட்

சாந்தா ரங்கசாமி ஆடிய டெஸ்ட் ஆட்டங்கள் மொத்தம் 16. முதலாவது 1976-ல், கடைசி 1991-ல். பதினைந்து வருஷத்துக்குப் பதினாறு ஆட்டம். இன்றைக்கு ஆண்கள் அணியில் நிலையாக இடம் பிடித்த ஒருத்தர் இரண்டு வருஷத்துக்குள் இத்தனையையும் ஆடி முடித்துவிடுவார்.

அவரைப் பற்றி எங்கே படித்தாலும் பட்டியல் ஒன்று வரும். இந்தியப் பெண்கள் டெஸ்ட் அணியின் முதல் கேப்டன், டெஸ்ட் சதம் அடித்த முதல் இந்தியப் பெண், அர்ஜுனா விருது வாங்கிய முதல் பெண் கிரிக்கெட் ஆட்டக்காரர், இந்தியக் கிரிக்கெட் வாரியமான பிசிசிஐயின் வாழ்நாள் சாதனை விருது பெற்ற முதல் பெண். எல்லாம் சரிதான், பொதுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு உதவும். எனக்கென்னவோ அந்தச் சாதனைகளை விட, அவற்றுக்கு நடுவே ஒன்றுமே நடக்காமல் கிடந்த வருஷங்களைப் பார்த்தால்தான் இந்த மனுஷியின் ஆட்ட வாழ்க்கை புரிகிற மாதிரி இருக்கிறது. அதனால் இந்தப் பதிவில் அந்தக் காலி வருஷங்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன்.

1954 ஜனவரி 1-ம் தேதி மதராஸில் பிறந்தவர். நம் ஊரில் பிறந்தவர் என்று நாம் உரிமை கொண்டாடிக்கொள்ளலாம், ஆனால் வளர்ந்ததும் ஆடியதும் வேலை பார்த்ததும் பெங்களூர்தான். பெரிய கூட்டுக் குடும்பம், வீடு நிறைய பிள்ளைகள், காம்பவுண்டுக்குள்ளேயே டென்னிஸ் பந்து கிரிக்கெட். சாஃப்ட்பாலும் ஆடினார். அந்தத் தலைமுறையில் கிரிக்கெட்டுக்கு வந்த பெண்கள் பலரும் இப்படி வேறொரு ஆட்டத்திலிருந்து வந்தவர்கள்தான். வேறெப்படி வரமுடியும், பெண்களுக்கென்று ஒரு கிரிக்கெட் அமைப்பே அப்போது நாட்டில் இல்லையே.

அது 1973-ல்தான் வந்தது. லக்னோவில் மகேந்திர குமார் சர்மா என்பவர் முன்கை எடுத்து இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கத்தைப் பதிவு செய்தார். பேகம் ஹமீதா ஹபிபுல்லா அதன் தலைவர். அதே வருஷம் புனேயில் மாநிலங்களுக்கு இடையிலான முதல் போட்டி நடந்தது. வந்த அணிகள் எத்தனை தெரியுமா, மூன்றே மூன்று: பம்பாய், மகாராஷ்டிரா, உத்தரப் பிரதேசம். அடுத்தடுத்த போட்டிகளில் எட்டு, பதினான்கு என்று எண்ணிக்கை ஏறியது. ஆக, ஆட ஆசைப்பட்ட பெண்கள் நாடு முழுக்க ஏற்கெனவே இருந்திருக்கிறார்கள். யாராவது கூப்பிடட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதே 1973-ல்தான் இங்கிலாந்தில் பெண்களின் முதல் உலகக் கோப்பையும் நடந்தது. ஆண்களின் முதல் உலகக் கோப்பைக்கு இரண்டு வருஷம் முன்பு! இங்கிலாந்து கேப்டன் ரேச்சல் ஹேஹோ ஃப்ளின்ட்டுக்கு ஜாக் ஹேவர்டு என்ற பணக்காரரின் அறிமுகம் இருந்தது. அவர் 40,000 பவுண்ட் கொடுத்தார், போட்டி நடந்துவிட்டது. நம் பெண்களுக்கு அப்படி ஒரு ஹேவர்டு கிடைக்கவில்லை. சங்கத்துக்குக் கிடைத்தது அரசாங்க மானியமும் யாராவது பெரிய மனது வைத்துக் கொடுக்கிற நன்கொடையும்தான்.

அதனால்தான் அந்தக் காலத்து ஆட்டக்காரர்களின் பேட்டிகளைப் படித்தால் எல்லாமே ரயில் கதையாக இருக்கிறது. ரிசர்வ் செய்யாத பெட்டியில் இரவு முழுக்கப் பயணம், கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருவது, படுக்கையைத் தாங்களே சுருட்டி எடுத்துக்கொண்டு போய் ஏதாவது கூடத்தின் தரையில் விரித்துப் படுப்பது. ஒரு அணிக்கே இரண்டு மூன்று பேட்தான் இருக்கும், அவுட் ஆகி வருகிறவர் அடுத்து இறங்குகிறவர் கையில் அதைக் கொடுத்துவிட்டுப் போவார். சாந்தாவும் இதையெல்லாம் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் படித்தவரையில் புலம்பலாகச் சொன்னதில்லை. அப்போது அப்படித்தான், ஆட்டம் பிடித்திருந்தது, போனோம் என்கிற தொனிதான்.

1975-ல் ஆஸ்திரேலியாவின் 25 வயதுக்கு உட்பட்டோர் அணி இங்கே வந்து புனே, டெல்லி, கல்கத்தாவில் மூன்று ஆட்டங்கள் ஆடியது. அதிகாரபூர்வ டெஸ்ட் இல்லை. ஆனால் அந்தத் தொடரில் ஒரு வேடிக்கை: மூன்று ஆட்டத்துக்கும் இந்தியாவுக்கு மூன்று கேப்டன்கள். உஜ்வலா நிகம், சுதா ஷா, ஸ்ரீரூபா போஸ். அணியை யார் கையில் கொடுப்பது என்று முடிவாகாத நிலைமை என்றுதான் எனக்குப் படுகிறது. (இதில் சுதா ஷா தமிழ்நாட்டுக்காக ஆடியவர், 21 டெஸ்ட் ஆடியிருக்கிறார், பிறகு இந்திய அணிக்குப் பயிற்சியாளராகவும் இருந்தார். அவரைப் பற்றி நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்கத் தொடங்கினால் அது தனிப் பதிவாகிவிடும்.)

மறுவருஷம் மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்தபோது இந்தக் குழப்பம் இல்லை. ஆறு டெஸ்ட்டுக்கும் ஒரே கேப்டன், சாந்தா ரங்கசாமி. வயது 22. ஆண்கள் அணிக்குப் பட்டோடி 21 வயதில் கேப்டன் ஆனதை இன்றுவரை கதை கதையாகச் சொல்கிறோம். இவர் 22 வயதில், முன்னால் டெஸ்ட் கேப்டன் என்று யாரும் இல்லாத, ஒரு டெஸ்ட்கூட ஆடியிராத அணிக்குக் கேப்டன். களத்தில் யாரை எங்கே நிறுத்துவது, யாருக்கு எப்போது பந்து கொடுப்பது என்று போய்க் கேட்க, டெஸ்ட் அனுபவம் உள்ள மூத்தவர் ஒருத்தர்கூட அணியில் இல்லை. போதாக்குறைக்கு நடு வரிசையில் பேட்டிங், மிதவேகப் பந்துவீச்சு இரண்டும் அவருடைய வேலை.

முதல் டெஸ்ட் 1976 அக்டோபர் 31-ம் தேதி பெங்களூரில் தொடங்கியது. இரண்டாவது சேப்பாக்கம். பிறகு டெல்லி. மூன்றும் டிரா. மூன்று நாள் ஆட்டங்கள் என்பதால் டிரா ஆவதில் ஆச்சரியம் இல்லை. நான்காவது டெஸ்ட் பாட்னாவில், மொயினுல் ஹக் மைதானத்தில். 25,000 பேருக்கு மேல் பார்க்க வந்ததாகச் சொல்கிறார்கள். அங்கேதான் இந்தியா ஜெயித்தது.

இந்த வெற்றியை ஆண்கள் அணியோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் அளவு தெரியும். ஆண்கள் அணி 1932-ல் லார்ட்ஸில் முதல் டெஸ்ட் ஆடி, முதல் வெற்றிக்கு 1952 வரை, அதாவது இருபது வருஷம் காத்திருந்தது. அது அவர்களுடைய 25-வது டெஸ்ட். (அதுவும் நம் சேப்பாக்கத்தில்தான்.) பெண்கள் அணிக்கு நான்காவது டெஸ்ட்டிலேயே, மூன்று வாரத்துக்குள்ளேயே வெற்றி. எதிரணி பலம், காலம் எல்லாம் வேறு, நேரடியாக ஒப்பிடக்கூடாது என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். வரட்டும். தொடங்கி மூன்றே வருஷம் ஆன ஒரு சங்கம், தரையில் படுத்து எழுந்து வந்த ஆட்டக்காரர்கள், 22 வயது கேப்டன், நான்காவது ஆட்டத்தில் ஜெயித்தார்கள். நான் அதைப் பெரிய விஷயம் என்றுதான் சொல்வேன்.

அடுத்து லக்னோவில் டிரா, ஜம்முவில் தோல்வி. தொடர் 1-1. அந்த அணியில் இடதுகைச் சுழலுக்கு டயானா எடுல்ஜி, லெக் ஸ்பின்னுக்கு ஷுபாங்கி குல்கர்னி. இரண்டு பேருமே பின்னால் இந்தியாவின் கேப்டனாக ஆனவர்கள். சாந்தாவுக்கு 1976-க்கான அர்ஜுனா விருது கிடைத்தது.

அப்புறம் நியூசிலாந்து. 1977 ஜனவரி, டுனெடின் நகரம். ஒரே ஒரு டெஸ்ட். 23 வயது முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்த சாந்தா அங்கே 108 ரன் எடுத்தார். இந்தியப் பெண் ஒருவரின் முதல் டெஸ்ட் சதம், கேப்டனாக, அந்நிய மண்ணில். ஆட்டம் டிரா. அங்கிருந்து நேரே ஆஸ்திரேலியா, பெர்த்தில் ஒரு டெஸ்ட், அதில் தோல்வி. இரண்டரை மாதத்தில் எட்டு டெஸ்ட், ஒரு வெற்றி, ஒரு சதம். இப்படி ஆரம்பித்த ஒருவரின் அடுத்த ஐந்தாறு வருஷத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்.

ஒன்றும் நடக்கவில்லை!

பெர்த் டெஸ்ட் 1977 ஜனவரியில் முடிந்தது. இந்தியப் பெண்கள் அணி அடுத்த டெஸ்ட் ஆடியது 1984 ஜனவரியில். ஏழு வருஷம். சாந்தாவுக்கு 23 வயதிலிருந்து 30 வயது வரை. ஒரு ஆல்-ரவுண்டரின் உடம்பும் புத்தியும் சேர்ந்து உச்சத்தில் நிற்கிற வருஷங்கள் எவையோ, அவை அத்தனையும். நடுவில் 1978-ல் உலகக் கோப்பை இந்தியாவிலேயே நடந்தது, நான்கு அணிகள், டயானா எடுல்ஜி கேப்டன், மூன்று ஆட்டத்திலும் தோல்வி. அதில் சாந்தா ஆடவில்லை. அவருடைய ஒருநாள் ஆட்டக் கணக்கு 1982-ல்தான் தொடங்குகிறது. அதாவது அந்த 108-க்கும் பெர்த்துக்கும் பிறகு ஐந்து வருஷம் அவர் பெயரில் எந்த அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டமும் இல்லை.

கபில் தேவை இங்கே இழுக்காமல் இருக்க முடியவில்லை. அவரும் ஆல்-ரவுண்டர். சாந்தா பெர்த்தில் ஆடும்போது கபில் இன்னும் இந்தியாவுக்கு ஆடவே தொடங்கவில்லை. 1978 அக்டோபரில் ஃபைசலாபாத்தில் அறிமுகமாகிறார். சாந்தா அடுத்த டெஸ்ட்டுக்கு இறங்கும்போது கபில் ஐம்பதுக்கும் மேற்பட்ட டெஸ்ட் ஆடி, இந்திய அணிக்குக் கேப்டன் ஆகி, லார்ட்ஸில் உலகக் கோப்பையைத் தூக்கிவிட்டார். ஒரு மாபெரும் ஆட்டக்காரர் உருவாகி எழுந்து நிற்கிற கதை முழுக்க, இன்னொருவருடைய காலி வருஷங்களுக்குள் அடங்கிவிடுகிறது. இதில் கபிலுடைய தப்பு எதுவும் இல்லை. அவருக்கு ஆட ஆட்டம் இருந்தது, இவருக்கு இல்லை.

ஏன் இல்லை? பணம்தான் பெரிய காரணம். வெளிநாட்டு அணியைக் கூப்பிட்டால் விமானச் செலவு, தங்கும் செலவு. நாம் போனாலும் அதே. பெண்கள் சங்கம் அப்போது பிசிசிஐக்குள் இல்லை, தனி அமைப்பு. டிக்கெட் வருமானமோ தொலைக்காட்சிப் பணமோ பெரிதாகக் கிடையாது. 1982-ல் நியூசிலாந்து உலகக் கோப்பைக்குப் போக ஆட்டக்காரர்கள் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் கட்டச் சொன்னார்கள் என்று டயானா எடுல்ஜி பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்துப் பத்தாயிரம்! நாட்டுக்காக ஆடப் போகிறவர் கையிலிருந்து. மகாராஷ்டிரப் பெண்கள் முதல்வர் அந்துலேயைப் போய்ப் பார்த்துப் பணம் ஏற்பாடு செய்துகொண்டார்களாம்.

அந்த 1982 உலகக் கோப்பைக்குச் சாந்தா மறுபடியும் கேப்டன். 12 ஆட்டத்தில் 4 வெற்றி, ஐந்து அணிகளில் நான்காவது இடம். 1984-ல் ஆஸ்திரேலியா இங்கே வந்து ஆடிய நான்கு டெஸ்ட்டுக்கும் அவரே கேப்டன், நான்கும் டிரா. கேப்டனாக அவர் ஆடிய 12 டெஸ்ட்டில் ஒரு வெற்றி, இரண்டு தோல்வி, ஒன்பது டிரா. வெறுமனே பார்த்தால் சாதாரணக் கணக்குதான். ஆனால் இந்தியப் பெண்கள் கிரிக்கெட்டில் இன்றுவரை வேறு யாரும் 12 டெஸ்ட்டில் கேப்டனாக இருந்ததில்லை. மிதாலி ராஜ் எட்டு. இதை மிதாலியின் குறை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மிதாலி இருபது வருஷம் ஆடியே மொத்தம் 12 டெஸ்ட்தான் ஆடினார். ஒருநாள் ஆட்டம் 232! டெஸ்ட் என்ற ஒன்றைப் பெண்களிடமிருந்து மெல்ல மெல்ல எடுத்தே விட்டார்கள். அது வேறு கோபம், பிறகு பார்ப்போம்.

1986 இங்கிலாந்துப் பயணத்துக்குப் பிறகு மறுபடியும் ஒரு பள்ளம். 1988 உலகக் கோப்பைக்கு இந்தியா போகவே இல்லை. அடுத்த டெஸ்ட் 1991-ல், ஆஸ்திரேலியாவில். இந்த முறையும் ஐந்து வருஷத்துக்குக் கிட்டத்தட்ட காலி. வேறு யாராக இருந்தாலும் மட்டையை மூலையில் சாத்திவிட்டுப் போயிருப்பார்கள். சாந்தா 37 வயதில் அந்த அணியில் இருந்தார். கேப்டனாக இல்லை, ஆட்டக்காரராக. எந்தத் தொடர் எப்போது வரும் என்றே தெரியாமல், வந்தால் தயாராக இருக்க வேண்டும் என்று உள்ளூர் போட்டிகளை மட்டும் நம்பி உடம்பைக் காப்பாற்றி வைத்திருந்த வருஷங்களை எந்த ஸ்கோர்கார்டிலும் போட மாட்டார்கள். கடைசிக் கணக்கு: 16 டெஸ்ட், 750 ரன், சராசரி 32-க்குச் சற்று மேல், 21 விக்கெட். அந்தச் சராசரியைப் படிக்கும்போது, ஏழு வருஷம் கழித்து மறுபடியும் டெஸ்ட்டுக்குப் போனவருடைய சராசரி இது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

சோறு போட்டது கனரா வங்கி. அந்தக் காலத்தில் ஆண்கள் அணியிலேயே பலர் வங்கி ஊழியர்கள்தான், கிரிக்கெட் மட்டும் ஆடிப் பிழைக்க முடியாது. ஆனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்றாலே, கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவார்கள், மேலே வரமாட்டார்கள் என்று ஒரு பேச்சு அலுவலகங்களில் எப்போதும் உண்டு. சாந்தா அந்த வங்கியில் பொது மேலாளர் வரை உயர்ந்து ஓய்வு பெற்றார். அவருடைய "முதல்" பட்டியல்களில் இது வருவதே இல்லை. எனக்கு இது அந்த 108-க்குக் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஆடுவதை நிறுத்திய பிறகு தேர்வாளர், நிர்வாகி, பத்திரிகையில் கிரிக்கெட் எழுத்து என்று எங்காவது ஒட்டிக்கொண்டே இருந்தார். 2006-ல் பெண்கள் கிரிக்கெட் பிசிசிஐயின் கீழ் வந்தது. தொடங்கி முப்பத்து மூன்று வருஷம் கழித்து. 2017-ல் பெங்களூரில் வாழ்நாள் சாதனை விருது. 2019-ல் இந்தியக் கிரிக்கெட் ஆலோசனைக் குழுவில் உறுப்பினர். அந்த வருஷம் ரவி சாஸ்திரியை மறுபடியும் ஆண்கள் அணிப் பயிற்சியாளராகத் தேர்ந்தெடுத்தது இந்த மூன்று பேர் குழுதான்: அன்ஷுமன் கெய்க்வாட், சாந்தா ரங்கசாமி, அப்புறம், ஆமாம், கபில் தேவ். இரட்டைப் பதவிப் பிரச்சினை கிளம்பியதும், விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்ததும், சாந்தா இழுக்காமல் ராஜினாமா செய்துவிட்டார். அடுத்த மாதமே ஆட்டக்காரர்கள் சங்கத்தின் பிரதிநிதியாக பிசிசிஐயின் உயர்மட்டக் குழுவுக்குத் தேர்வானார், போட்டியே இல்லாமல்.

இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். 2022-ல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே ஆட்டச் சம்பளம் என்று பிசிசிஐ அறிவித்தது. டெஸ்ட்டுக்கு 15 லட்சம் ரூபாய். 2023-ல் பெண்கள் பிரீமியர் லீக் ஏலத்தில் ஸ்மிருதி மந்தனா 3 கோடியே 40 லட்சத்துக்குப் போனார். 2025 நவம்பர் 2-ம் தேதி நவி மும்பையில் ஹர்மன்ப்ரீத் கௌரின் அணி தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் தோற்கடித்து உலகக் கோப்பையை வாங்கியது. கோப்பையை மிதாலி கையிலும் ஜூலன் கோஸ்வாமி கையிலும் கொடுத்துத் தூக்க வைத்தார்கள், நாடே கண் கலங்கிப் பார்த்தது.

ஊரெல்லாம் கொண்டாட்டம். அந்த ஈரம் காய்வதற்குள் சாந்தா ஒரு பேட்டி கொடுத்தார். ஹர்மன்ப்ரீத் பேட்டிங்கிலும் ஃபீல்டிங்கிலும் அபாரமானவர்தான், ஆனால் கேப்டன் பொறுப்பை ஸ்மிருதிக்குக் கொடுத்துவிட்டால் அவரும் நன்றாக ஆடுவார், அணிக்கும் நல்லது, இதை முன்பே செய்திருக்க வேண்டும் என்கிற பொருளில். உலகக் கோப்பை ஜெயித்துக் கொடுத்த கேப்டனைப் பற்றி, ஜெயித்த சூட்டோடு! சமூக ஊடகத்தில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். யார் இந்தம்மா, இவர் என்ன ஜெயித்தார் என்றுகூடக் கேட்டார்கள்.

அவர் சொன்ன நேரம் எனக்கும் பிடிக்கவில்லை, ஒரு மாதம் பொறுத்திருக்கலாம். சொன்ன விஷயத்தில் எனக்குப் பாதி உடன்பாடு. ஆனால் அந்தக் கேள்வி கேட்டவர்களிடம் ஒன்று சொல்லத் தோன்றியது. இந்த அம்மாள் கேப்டனாக இருந்தபோது, ஜெயித்தால் அடுத்த தொடர் கிடைக்குமா என்பதே நிச்சயமில்லை. பாட்னாவில் ஜெயித்தார்கள், டுனெடினில் சதம் அடித்தார், பதிலுக்குக் கிடைத்தது ஏழு வருஷ ஓய்வு. வெற்றியோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவதற்கு அவருக்கு எந்தக் காரணமும் இருந்ததில்லை. 71 வயதில் உட்கார்ந்துகொண்டு, ஜெயித்தது போதும், அடுத்த உலகக் கோப்பைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கிறார். கேட்கட்டும்.